நீலக்குறிஞ்சியின் இலத்தீன் பெயர்: பிறப்பும் பாலும் ஒலிப்பும்

நீலக்குறிஞ்சி பூக்கும் ஆண்டுகளில் அதைப் பற்றி வரும் ஒவ்வொரு செய்தியிலும் ‘ஸ்ட்ரோபிலந்தெஸ் குந்தியானா’ என்ற அறிவியல் பெயர் ஒரு முறையேனும் தலைகாட்டும். பெரும்பாலான வாசகர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நின்று பார்ப்பவருக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பழைய தாவரவியல் நூல்களைப் புரட்டினால் அதே செடி ‘குந்தியானுஸ்’ என்று முடியும் பெயரோடு நிற்கிறது. வேறு சில நூல்களில் முதற்சொல்லே மாறி, இரண்டாம் சொல் ‘குந்தியானும்’ என்று முடிகிறது. மூன்றில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. மூன்றும் இலத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டு எழுந்த வடிவங்கள். கொடைக்கானல் மலையின் தலையாய மலர் இலத்தீனில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் ஆகிய மூன்றிலும் வாழ்ந்திருக்கிறது.

அது ஏன் என்று விளங்கிக்கொள்வது மொழிப் புலவர்களுக்கு மட்டும் உரிய வேலை அன்று. ஒரு தாவரப் பெயரின் ஈற்றில் நிற்கும் ஓரிரு எழுத்துகள், அந்தப் பெயரை யார் யாரை நினைத்து இட்டார்கள், அந்தச் செடியை எதற்கு உறவாகக் கருதினார்கள் என்பதைப் பதிந்து வைத்திருக்கின்றன. அந்த ஈறுகளை வாசிக்கத் தெரிந்தால் கொடைக்கானல் அமைந்த பழனி மலையின் கடந்த இருநூறு ஆண்டு அறிவு வரலாற்றின் ஒரு பெரிய பகுதியை வாசித்துவிடலாம். திணையும் பாலும் வேற்றுமையும் பள்ளியிலேயே படித்த தமிழ் வாசகருக்கு இது எட்டாத கலையும் அன்று.

பெயர்ச்சொல்லின் பிறப்பு

1753-இல் லின்னேயஸ் நிலைநிறுத்திய முறைப்படி ஒரு தாவரத்தின் பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். அது எழுவாய் வடிவில், ஒருமையில் நிற்கும் பெயர்ச்சொல். இரண்டாவது அதைச் சார்ந்து வந்து சிற்றினத்தைப் பிரித்துக் காட்டும் அடைமொழி. இலக்கணத்தின் ஆட்சி முழுவதும் முதற்சொல்லின் கையில்தான்.

‘ஸ்ட்ரோபிலந்தெஸ்’ என்ற பேரினப் பெயரை உருவாக்கியவர் ஜாவா தீவின் தாவரங்களை ஆராய்ந்த கார்ல் லுட்விக் புளூம். 1826-இல் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அதை வெளியிட்டார். சொல்லின் இரு கூறுகளும் கிரேக்கம். ‘ஸ்ட்ரோபிலோஸ்’ என்பது சுழலுதல் என்னும் பொருளடியாகப் பிறந்து, பம்பரத்தையும் சுழிந்து திரண்ட பொருள்களையும் குறித்து, பிறகு பைன் மரத்தின் கூம்புக்கு ஆகிவந்த சொல். ‘ஆந்தோஸ்’ என்றால் மலர். இந்தப் பேரினத்துச் செடிகளின் பூங்கதிரில் பூவடிச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கூம்பு வடிவம் கொள்கின்றன. பூ உதிர்ந்த பின் குறிஞ்சியின் கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குப் பெயரின் பொருத்தம் உடனே தெரியும்.

கிரேக்கச் சொல் எப்படி இலத்தீன் பெயர் ஆகும்? தாவரப் பெயரிடலுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு, எந்த மொழியிலிருந்து வந்த சொல்லானாலும் அறிவியல் பெயரானதும் அதை இலத்தீனாகவே நடத்தவேண்டும் என்கிறது. வடசொல் தமிழில் புழங்கவேண்டுமானால் தமிழ் எழுத்தோடு இணங்கி வரவேண்டும் என்று தொல்காப்பியர் வகுத்த நெறியை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது. சொல் எங்கிருந்தும் வரலாம். வந்தபின் வீட்டு ஒழுங்குக்குக் கட்டுப்படவேண்டும்.

குந்த் என்பவர் யார்?

இரண்டாம் சொல்லைப் பற்றி ஒரு தவறான விளக்கம் நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையின் பெயரால்தான் ‘குந்தியானா’ வந்தது என்று பலர் எழுதிவருகிறார்கள். கேட்க இனிமையான விளக்கம். ஆனால் அந்தப் பெயர் ஒரு மனிதருடையது.

கார்ல் சிகிஸ்முண்ட் குந்த் (1788–1850) ஜெர்மானியத் தாவரவியலர். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட்டும் போன்பிளானும் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகளைப் பாரிஸில் இருந்து ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து, ஏழு பெரும் தொகுதிகளாக விவரித்தவர். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. நம் குறிஞ்சிக்கு அவர் பெயரை வைத்தவர் அவருடைய சமகாலத்தவரான நேஸ் ஃபான் எசன்பெக். கல்கத்தாத் தாவரவியல் பூங்காவின் தலைவர் வாலிக் வெளியிட்ட ஆசிய அரிய தாவரங்கள் பற்றிய பெருநூலின் மூன்றாம் தொகுதியில், 1832-இல், நேஸ் இந்தச் செடியை விவரித்தார்.

‘குந்தியானா’ என்ற வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இலக்கணம் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குந்த் என்ற ஆளின் பெயரோடு ‘-இயானா’ சேர்ந்தாலும், குந்தி என்ற ஆற்றின் பெயரோடு ‘-ஆனா’ சேர்ந்தாலும் ஒரே வடிவம்தான் கிடைக்கும். தீர்ப்பைத் தருவது நேஸின் வழக்கம். அதே குடும்பத்துச் செடிகளுக்கு அவர் தாவரவியலர் ராபர்ட் வைட்டின் நினைவாக ‘வைட்டியானா’ என்றும், மற்றொரு தாவரவியலரான ஹெய்னெயின் நினைவாக ‘ஹெய்னெயானா’ என்றும் பெயர் வைத்தார். அந்த வரிசையில் வைத்துப் பார்க்கும்போது குந்த் தம் தோழர்களின் நடுவே நிற்கிறார். ஒரு சொல்லின் பிறப்பைத் தேடும்போது ஒலி ஒற்றுமையோடு நின்றுவிடாமல், சொன்னவரின் பழக்கத்தையும் காலத்தையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஒரு செடி, மூன்று பால்

நேஸ் குறிஞ்சியை ஸ்ட்ரோபிலந்தெஸில் சேர்க்கவில்லை. அதற்கென ‘ஃப்ளெபோஃபில்லும்’ என்ற புதிய பேரினத்தை அமைத்தார். ‘ஃப்ளெப்ஸ்’ என்றால் நரம்பு, ‘ஃபில்லோன்’ என்றால் இலை. குறிஞ்சி இலையில் நரம்புகள் எடுப்பாக ஓடுவதைக் கண்டு வைத்த பெயர். ஃபில்லோன் கிரேக்கத்தில் ஒன்றன்பால். ஆகவே பேரினப் பெயரும் ஒன்றன்பால் ஆனது. அதற்கு இணங்க அடைமொழி ‘குந்தியானும்’ ஆனது.

இங்கே தமிழுக்கும் இலத்தீனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்கவேண்டும். தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. மனிதரும் தேவரும் உயர்திணை; மற்றவை எல்லாம் அஃறிணை. குறிஞ்சி பூத்தது என்போம், பூத்தாள் என்று சொல்லமாட்டோம். இலத்தீனில் பால் சொல்லைப் பொறுத்தது. மரம் என்னும் ‘ஆர்போர்’ பெண்பால். மலர் என்னும் ‘ஃப்ளோஸ்’ ஆண்பால். இலை என்னும் ‘ஃபோலியும்’ ஒன்றன்பால். ஒரே செடியின் உறுப்புகளே வெவ்வேறு பாலில் நிற்கும். பெயரடையும் அந்தந்தப் பாலுக்கு ஏற்ப ஈறு மாறும். தமிழில் ‘நல்ல’ என்ற பெயரடை யாருக்கு முன்னும் மாறாது. ஆனால் நல்லன், நல்லள், நல்லது என்று குறிப்பு வினையாக வரும்போது மாறுகிறது அல்லவா? இலத்தீனின் ‘போனுஸ், போனா, போனும்’ அதற்கு நேரான வரிசை. ‘-உஸ், -ஆ, -உம்’ என்ற அந்த மூன்று ஈறுகளே குந்தியானுஸ், குந்தியானா, குந்தியானும் என்பவற்றில் தெரிகின்றன.

பிறகு தாமஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துத் தாவரவியலர் குறிஞ்சியை ஸ்ட்ரோபிலந்தெஸுக்குள் கொண்டுவந்தார். பேரினம் மாறியதும் அடைமொழியும் மாறவேண்டும். எந்தப் பாலுக்கு? இங்குதான் சிக்கல். கிரேக்கத்தில் ‘-அந்தெஸ்’ என முடியும் பெயரடைகளுக்கு ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம். சொல்லைப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. பிரிட்டிஷ் இந்தியாவின் தாவர நூல்கள் அதை ஆண்பாலாகக் கொண்டு ‘குந்தியானுஸ்’ என்று எழுதின. அந்த வழக்கு தென்னிந்திய நூல்களில் வெகுகாலம் நிலைத்தது. பன்னாட்டு விதித்தொகுப்பின் 62-ஆம் விதி பிற்காலத்தில் இதை முடித்துவைத்தது. முதலில் பெயரிட்டவர் எந்தப் பாலாகக் கொண்டிருந்தாலும், ‘-அந்தெஸ்’ என முடியும் பேரினப் பெயர்கள் பெண்பாலாகவே கொள்ளப்படும். ‘குந்தியானா’ இன்று சரியான வடிவமானது இப்படித்தான்.

கதை அத்தோடு நிற்கவில்லை. 1944-இல் பிரெமெகாம்ப் என்ற டச்சு அறிஞர் ஸ்ட்ரோபிலந்தெஸைப் பல சிறு பேரினங்களாகப் பிரித்தார். நேஸின் ஃப்ளெபோஃபில்லும் மீண்டும் உயிர்பெற்றது; குறிஞ்சி சில நூல்களில் மறுபடியும் ‘குந்தியானும்’ ஆனது. அவர் புதிதாக அமைத்த பேரினங்களில் ஒன்று ‘நீல்கிரியந்துஸ்’. நீலகிரியையும் கிரேக்க மலரையும் இணைத்த சொல் அது. ‘ஆந்தோஸ்’ கிரேக்கத்தில் ஒன்றன்பால். ஆனால் ‘-அந்துஸ்’ என முடியும் பெயர்களைத் தாவரவியல் மரபு ஆண்பாலாக நடத்துகிறது. ஆகவே ஹெய்னெயானா அங்கே போனதும் ‘ஹெய்னெயானுஸ்’ ஆயிற்று. பின்வந்த ஆய்வாளர்கள் பெரும்பாலோர் பரந்த ஸ்ட்ரோபிலந்தெஸுக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு பெயரின் ஈறு மாறியிருப்பதைக் கண்டால், அந்தச் செடியின் உறவுமுறை பற்றி அறிஞர்கள் கருத்து மாறியிருக்கிறது என்றோ, பால் பற்றிய விதி மாறியிருக்கிறது என்றோ கொள்ளலாம். குறிஞ்சியில் இரண்டுமே நிகழ்ந்தன.

ஈற்றயல் அசையும் செண்பகனூரும்

இந்தப் பெயரை எப்படி ஒலிப்பது? விதித்தொகுப்பு எழுத்துக்குக் கட்டுப்பாடு விதிக்கிறது, ஒலிப்புக்கு விதிக்கவில்லை. ஆனால் இலத்தீனுக்கென்று ஓர் அழுத்த விதி உண்டு. தமிழ் யாப்பு படித்தவர்கள் அதை ஒரே மூச்சில் பிடித்துக்கொள்ளலாம். ஈற்றயல் அசை நெடிலாகவோ ஒற்றடுத்த குறிலாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே விழும். தனிக்குறிலாக இருந்தால் அதற்கும் முந்திய அசைக்குப் போகும். ‘ஸ்ட்ரோபிலந்தெஸ்’ என்பதில் ஈற்றயல் ‘லந்’. குறிலானாலும் ஒற்றடுத்து வருகிறது. எனவே அழுத்தம் அங்கே. ‘குந்தியானா’வில் ஈற்றயல் ‘யா’ நெடில், அழுத்தம் அங்கே. கடைசி உயிர் உண்மையில் குறில். தமிழில் எழுதும்போது நாம் அதை நெடிலாக்கி ‘னா’ என்று எழுதுகிறோம். இலத்தீனில் அந்த ஈறு நெடிலானால் எழுவாய் வேற்றுமை போய், நீங்கல், கருவி முதலிய பொருள்களுக்கு உரிய வேற்றுமை வந்துவிடும். அளபு ஒன்று கூடினால் இலக்கணமே மாறுகிறது.

இலத்தீன் ஒலிப்பில் மூன்று மரபுகள் உண்டு. சிசரோ காலத்து ஒலிப்பை மீட்டெடுத்த மரபில் ‘ஸி’ எழுத்து எப்போதும் ககரம். ‘ஏஈ’ என்ற இணை ஐகாரம். இத்தாலியத் திருச்சபை மரபில் முன்னது இகர எகரங்களுக்கு முன் சகரமாகும், பின்னது ஏகாரமாகும். ஆங்கிலேயத் தோட்டக்கலையாளர் மரபில் முன்னது ஸகரம், பின்னது ஈகாரம். குறிஞ்சியின் குடும்பப் பெயர் முதல் மரபில் ‘அகந்தாகெஐ’, இரண்டாவதில் ‘அகந்தாச்செஏ’, மூன்றாவதில் ‘அகாந்தேஸியீ’. பழனி மலை குறைந்தது இரண்டு மரபுகளையாவது கேட்டிருக்கிறது. ஆங்கில அதிகாரிகளின் நாவில் மூன்றாவது மரபு வந்தது. செண்பகனூரில் 1895-இல் இயேசு சபையினர் நிறுவிய திரு இருதயக் கல்லூரியில் திருச்சபை இலத்தீன் ஒலித்தது. இறையியலுக்கு முன்னோடியான தத்துவம் குருமாணவர்களுக்கு இலத்தீனில் கற்பிக்கப்பட்ட காலம் அது. வழிபாட்டு மொழியும் பாட மொழியும் தாவரப் பெயர் மொழியும் அவர்களுக்கு ஒன்றே. அந்தக் கல்லூரியின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், ஆங்கிலேட் அடிகளாரின் தாவர ஓவியங்களும், ஃபொரோ அடிகளாரின் பாசித் தொகுப்பும் அந்தச் சூழலில் விளைந்தவை.

மனிதர் பெயரடியாக வந்த சொற்களில் எந்த மரபும் முழுமையாக உதவுவதில்லை. வைட் என்ற பெயரை இலத்தீன் எழுத்துக்கூட்டிப் படித்தால் அந்த மனிதர் அடையாளம் தெரியாமல் போவார். அத்தகைய பெயர்களில் மனிதரின் சொந்த ஒலியைக் காத்து, ஈற்றை மட்டும் இலத்தீனாகச் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. தமிழர்கள் ‘வைட்டியை’ என்று சொல்லிவருவது ஏற்கத்தக்கதே.

வேற்றுமையில் வாழும் மனிதர்கள்

அடைமொழி எப்போதும் பெயரடையாக வருவதில்லை. ஆறாம் வேற்றுமை ஏற்ற பெயராகவும் வரலாம். அப்போது அது பேரினத்தின் பாலைப் பார்ப்பதில்லை. நினைவுகூரப்படும் மனிதரின் பாலைப் பார்க்கிறது. ஆணுக்கு ‘-ஈ’, பெண்ணுக்கு ‘-ஏ’. இந்த ஓர் எழுத்து வேறுபாடு பழனி மலையில் ஒரு பெண்ணின் உழைப்பைக் காட்டிக்கொடுக்கிறது.

1836-இல் இந்த மலைக்கு வந்து செடிகளைத் தொகுத்தவர் ராபர்ட் வைட். பழனி மலையை வராககிரி என்ற பெயராலும் குறிப்பிட்டு, மறு ஆண்டே மெட்ராஸ் ஆய்விதழில் எழுதினார். ஆங்கில ஒலிப்பில் ‘-ஈ’ ஈறு ‘-ஐ’ ஆகி, ‘வைட்டியை’ என்று முடியும் பெயருள்ள செடிகள் தென்னிந்தியா முழுவதும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொடைக்கானலில் செடிகளைத் தொகுத்தவர்கள் ஆல்ஃபிரட் போர்னும் அவர் மனைவி எமிலி போர்னும். ஆல்ஃபிரட் விலங்கியல் பேராசிரியர். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர். செடிகளை வரைந்தும் தொகுத்தும் உழைத்தவர் எமிலி. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் எழுதிய நீலகிரி, பழனி மலையுச்சித் தாவர நூலுக்கு எமிலியின் பங்களிப்பு பெரிது. பழனி மலைக்கே உரிய ஒரு சோலை மரத்தின் பெயர் ‘ஆக்டினோடாஃப்னே போர்னெயே’. அதன் ஈறு பெண்பால். கணவரின் குடும்பப் பெயர்தான் அங்கே இருக்கிறது. ஆனாலும் மரியாதை மனைவிக்கு உரியது என்பதை இலத்தீன் வேற்றுமை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. இலக்கணம் தெரியாமல் அதைக் கணவர் பெயர் என்று எழுதினால் ஒரு பெண்ணின் வரலாறு அழிகிறது. ஃபொரோ அடிகளார் பெயரால் ‘ஃபொரோயெல்லா’ என்ற பாசிப் பேரினமே உண்டு. அன்பும் சிறுமையும் குறிக்கும் ‘-எல்லா’ என்ற ஈற்றோடு.

இடப்பெயரிலிருந்து வருபவை பெரும்பாலும் ‘-என்சிஸ்’ என முடியும். ‘சொனேரிலா புல்னியென்சிஸ்’ என்பது ஒரு சிறுசெடி. பழனியை ஆங்கிலேயர் ‘புல்னி’ என்று எழுதியது அந்தப் பெயரில் உறைந்துவிட்டது. பிற்காலத்தில் பெயர் பெற்ற ‘ஹோயா வைட்டியை’ கொடியின் துணைச்சிற்றினமோ ‘பல்னியென்சிஸ்’. ஒரே மலை இரண்டு எழுத்துக்கூட்டில் நிற்கிறது. முறைப்படி வெளியான பெயரை இன்றைய உச்சரிப்புக்கு ஏற்பத் திருத்த விதி இடம் தராது.

சொனேரிலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது மலபாரில் வழங்கிய பெயர். அதன் ஈற்றில் இருப்பது ‘இல’, நம்முடைய இலை. குறிஞ்சியின் குடும்பத்தைச் சேர்ந்த ஆடாதோடைக்கு லின்னேயஸ் வைத்த பெயர் ‘ஜஸ்டீசியா அடத்தோடா’. தமிழிலும் சிங்களத்திலும் வழங்கிய பெயரை இலங்கைச் செடித் தொகுப்பு வழியே அறிந்து, 1753-இல் அப்படியே எடுத்தாண்டார். இங்கே அடைமொழி பெயரடையும் அன்று, ஆறாம் வேற்றுமையும் அன்று. முதற்பெயரோடு ஒட்டி நிற்கும் மற்றொரு பெயர், நம் இருபெயரொட்டுப் போல. அது எந்தப் பேரினத்துக்குப் போனாலும் ஈறு மாறவேண்டியதில்லை. பால் மாறிமாறி அலைந்த குந்தியானாவுக்குக் கிடைக்காத உறுதி, நம் மண்ணின் பெயருக்குக் கிடைத்திருக்கிறது.

இந்த மொழி யாருக்கு உரியது?

இலத்தீன் பெயர்கள் ஐரோப்பியர் தமக்குத் தாமே எழுப்பிக்கொண்ட நினைவுச்சின்னங்கள் என்ற குறை உண்மையானது. குறிஞ்சிக்கு, அந்த மலையைக் கண்ணாலும் காணாத ஒருவரின் பெயர். ஆனால் குறை இலக்கணத்தில் இல்லை. வைட் பல தொகுதிகளாக வெளியிட்ட தம் தாவரப் பட நூலின் இறுதித் தொகுதியில், 1853-இல், தமக்குப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். அந்தச் செடி இன்று வேறு பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. எனினும் பதிவு அழியவில்லை. குந்துக்குக் கிடைத்த ஈறு கோவிந்துவுக்கும் கிடைக்கும் என்று அது காட்டியது. சோலைகளின் வழிகளை அறிந்த பளியர் பழங்குடியினரின் பெயர்களும் அதே வேற்றுமையை ஏற்கும். சூட்டவேண்டியது இனிப் புதிய சிற்றினங்களைக் கண்டறியும் நம் அறிஞர்களின் பொறுப்பு. விதிகளும் கல்வெட்டுகள் அல்ல. புதிய தாவரத்தை இலத்தீனில் விவரிக்கவேண்டும் என்ற 1935-ஆம் ஆண்டுக் கட்டாயம் 2012-இல் நீங்கி, ஆங்கிலமும் ஏற்கப்பட்டது. ஆப்பிரிக்க மக்களை இழிவுபடுத்தும் ஓர் அடைமொழியை இருநூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களில் திருத்த 2024-இல் மாட்ரிட் மாநாடு முடிவெடுத்தது.

தமிழ் வழியில் தாவரவியல் கற்பிப்பவர்கள் இந்தப் பெயர்களை மனப்பாடச் சுமையாக நடத்துவதை நிறுத்தவேண்டும். பழனி மலையின் தாவரங்களை 1999-இல் மூன்று பகுதிகளாக விவரித்து முடித்தவர் திருச்சிராப்பள்ளி ரபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ அடிகளார். அத்தகைய நூல்களைத் திறக்கும் மாணவருக்கு ஈறுகளின் பொருளை ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம்: ‘-உஸ், -ஆ, -உம்’ வந்தால் பால், ‘-ஈ, -ஏ’ வந்தால் மனிதர், ‘-என்சிஸ்’ வந்தால் ஊர், எதுவும் மாறாமல் நின்றால் பெரும்பாலும் ஓர் உள்ளூர்ப் பெயர். வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதி ஐரோப்பியருக்குத் தமிழின் திணையையும் பாலையும் விளக்கினார். அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் வகையில், இலத்தீனின் பாலையும் வேற்றுமையையும் நம் இலக்கணச் சொற்களாலேயே நாம் விளக்கமுடியும்.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கின்படி பழனி மலையில் நீலக்குறிஞ்சி மீண்டும் பெருக்காகப் பூக்கவேண்டிய ஆண்டு 2030. அதற்குள் கொடைக்கானலில் வைக்கப்படும் விளக்கப் பலகைகளில் குறிஞ்சி என்ற பெயர் முதலில் வரட்டும். அடுத்து ‘ஸ்ட்ரோபிலந்தெஸ் குந்தியானா’ சரியான பாலோடு வரட்டும். அது ஆற்றின் பெயரன்று, ஓர் அறிஞரின் பெயர் என்ற ஒரு வரியும் இருக்கட்டும். பள்ளி மாணவர் ஒருவர் அதைப் படித்து, அருகில் நிற்கும் வேறொரு செடியின் பெயரையும் ஈற்றிலிருந்து வாசிக்க முயன்றால், அந்தப் பலகை தன் வேலையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம்.